முதல் மாத்திரைக்கு முன்பே எதிர்ப்பு: புதிய காசநோயாளிகளில் எத்தனை பேருக்கு?

மருந்துக்கு அடங்காத டிபி யாருக்கு வரும் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: மாத்திரையைப் பாதியில் விட்டவர்களுக்கு. சுவரொட்டிகள் காலங்காலமாக அதைத்தான் சொல்லிவந்தன. மருந்து கொடுக்கும் இடத்தில் கிடைக்கும் அறிவுரையும் அதுதான். இது தவறில்லை, ஆனால் பாதிக் கதை. இதுவரை ஒரு டிபி மாத்திரைகூட விழுங்காத, இப்போதுதான் நோய் கண்டுபிடிக்கப்பட்ட ஒருவரின் சளியிலும் ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டிபி மருந்துக்கு அசையாத கிருமி இருக்கலாம். அவர் எந்த மாத்திரையையும் தவறவிடவில்லை. தவறவிடுவதற்கு மாத்திரையே அவர் கைக்கு இன்னும் வரவில்லை.

இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023-ல் உலக அளவில் புதிய காசநோயாளிகளில் 3.2 சதவீதம் பேருக்கு ரிஃபாம்பிசின் எதிர்ப்போ பன்மருந்து எதிர்ப்போ இருந்தது. முன்பே சிகிச்சை எடுத்தவர்களில் இது 16 சதவீதம். ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் என்ற இரண்டு முக்கிய டிபி மருந்துகளுமே வேலை செய்யாத நிலைதான் பன்மருந்து எதிர்ப்பு, சுருக்கமாக எம்.டி.ஆர். ரிஃபாம்பிசினை எதிர்க்கும் கிருமிகளில் பெரும்பாலானவை ஐசோனியாசிடையும் எதிர்ப்பவை. சிகிச்சையைத் தீர்மானிப்பதும் ரிஃபாம்பிசின்தான் என்பதால் இப்போது இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறார்கள்.

3.2, 16 என்று பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும், பிரச்சினை இரண்டாவது கூட்டத்தில்தான் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஆட்களை எண்ணினால் படம் மாறிவிடும். கணக்கு வசதிக்காக, நூறு நோயாளிகளில் தொண்ணூறு பேர் புதியவர்கள், பத்துப் பேர் பழையவர்கள் என்று வைத்துக்கொள்வோம். தொண்ணூறில் 3.2 சதவீதம் என்றால் ஏறக்குறைய மூன்று பேர். பத்தில் 16 சதவீதம் என்றால் ஒன்றரை பேர். ஆக, எதிர்ப்புக் கிருமி உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு புதியவர்கள். சதவீதம் சின்னது, கூட்டம் பெரியது. "முன்பு சிகிச்சை எடுத்தவர்களுக்கு மட்டும் எதிர்ப்புப் பரிசோதனை செய்தால் போதும்" என்று பல நாடுகள் வருடக்கணக்கில் வைத்திருந்த விதி, இந்த எளிய பெருக்கலைக் கவனிக்காமல் போட்ட விதி என்றே எனக்குத் தோன்றுகிறது. பணமும் ஆய்வுக்கூடமும் போதாத காலத்தில் வேறு வழியில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அந்த விதியால் யார் விடுபட்டுப்போனார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

யார் இந்தப் புதிய நோயாளி?

இதற்கு முன் டிபி மருந்தே எடுக்காதவர், அல்லது எடுத்திருந்தாலும் ஒரு மாதத்துக்கும் குறைவாக எடுத்தவர். கணக்கெடுப்புகளில் இதுதான் வரையறை. இதை யார் சொல்வது? நோயாளிதான் சொல்ல வேண்டும். பழைய நோயை மறைப்பவர்கள் உண்டு. வேலை போய்விடும், திருமணம் நின்றுவிடும் என்ற பயம் இருக்கும். சிலருக்குத் தான் சாப்பிட்டது டிபி மருந்து என்பதே தெரியாது. ஒரு தனியார் மருத்துவர் எழுதிக் கொடுத்தார், மூன்று மாதம் சாப்பிட்டேன், இருமல் நின்றது, விட்டுவிட்டேன் என்பார்கள். அதனால் கணக்கெடுப்பில் கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்பதுண்டு. நீண்ட நாள் மாத்திரை சாப்பிட்டீர்களா, ஊசி போட்டுக்கொண்டீர்களா, அப்போது சிறுநீர் சிவப்பாகப் போனதா? ரிஃபாம்பிசின் சாப்பிட்டவருக்குச் சிறுநீர் ஆரஞ்சு கலந்த சிவப்பாகப் போகும். மருந்தின் பெயர் மறந்தவருக்கும் அது மறக்காது.

பழைய நோயாளி ஒருவர் புதியவர் பட்டியலில் நுழைந்துவிட்டால், புதியவர்களின் சதவீதம் கொஞ்சம் கூடித் தெரியும். அதற்காக அந்த எண்ணையே ஒதுக்கிவிட முடியாது. ஏனென்றால் புதியவர்களிடம் காணப்படும் எதிர்ப்பு நமக்குச் சொல்லும் செய்தி தனி. பழைய நோயாளியிடம் எதிர்ப்பு இருந்தால், அது அவருடைய சிகிச்சையின்போது உருவாகியிருக்கலாம், அல்லது தொடக்கத்திலேயே இருந்திருக்கலாம். புதியவரிடம் இருந்தால் ஒரே ஒரு வழிதான்: எதிர்ப்புள்ள கிருமியையே யாரிடமிருந்தோ மூச்சில் வாங்கியிருக்கிறார். ஊருக்குள் காற்றில் எந்தக் கிருமி சுற்றுகிறது என்று அறிய இதைவிட நேரடியான அளவுகோல் கிடையாது.

கிருமி எப்படிக் கற்றுக்கொள்கிறது?

கற்றுக்கொள்வது என்று சொன்னாலும், நடப்பது தற்செயல். காசநோய்க் கிருமி பிரியும்போது மரபணுவில் சிறுசிறு பிழைகள் விழுகின்றன. அவற்றில் மிகச் சில, மருந்து வந்து ஒட்டும் இடத்தையே மாற்றிவிடுகின்றன. ஐசோனியாசிடை எதிர்க்கும் கிருமி ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று, ரிஃபாம்பிசினை எதிர்ப்பது ஏறக்குறைய பத்துக் கோடியில் ஒன்று என்ற அளவில், மருந்தே படாத கூட்டத்திலும் இருக்கும். நுரையீரலில் பொந்து விழுந்த ஒருவருக்குள் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்த மருந்துக்கு அடங்குபவை செத்துப்போகும், அடங்காத சில நூறு பிழைத்துப் பெருகும். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், இரண்டையும் ஒரே நேரத்தில் எதிர்க்கும் கிருமி இருப்பதற்கான வாய்ப்பு பத்து லட்சத்தையும் பத்துக் கோடியையும் பெருக்கினால் வரும் எண்ணில் ஒன்று. அவ்வளவு கிருமிகள் எந்த உடம்பிலும் கிடையாது. கூட்டுச் சிகிச்சையின் அடிப்படை இந்தக் கணக்குதான்.

இந்தப் பாடத்தை மருத்துவம் கற்றது அடிபட்டுத்தான். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தை மட்டும் வைத்து 1946 முதல் 1948 வரை பிரிட்டனில் நடந்த சோதனையில், ஆறு மாத முடிவில் மருந்து எடுத்த 55 பேரில் 4 பேரும், மருந்தில்லாமல் படுக்கை ஓய்வில் இருந்த 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். பெரிய வெற்றிபோலத் தெரிந்தது. ஆனால் மருந்து எடுத்தவர்களில் பெரும்பாலோரின் கிருமி சில மாதங்களிலேயே எதிர்ப்புப் பெற்றுவிட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது இறந்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் 32, எடுக்காதவர்களில் 35. இடைவெளி கரைந்துபோயிருந்தது. அப்புறம்தான் பாஸ் என்ற மருந்து, 1952-ல் ஐசோனியாசிட், 1960-களில் ரிஃபாம்பிசின் என்று மருந்துகள் வந்து, நான்கு மருந்துகளில் தொடங்கி ஆறு மாதம் கொடுக்கும் முறை நிலைபெற்றது.

ஆக, எதிர்ப்பு முதலில் ஏதோ ஒரு நோயாளியின் உடம்பில், ஏதோ ஒரு குறைச் சிகிச்சையில் பிறக்கிறது. அந்தக் குறை நோயாளியுடையது என்று எழுதிவைப்பது வழக்கமாகிவிட்டது. உண்மையில் மருந்து இருப்பு தீர்ந்துபோன மருத்துவமனைக்கும், தவறான கலவையை எழுதிய மருத்துவருக்கும், தரமில்லாத மாத்திரைக்கும், எதிர்ப்பு இருப்பது தெரியாமலே பழைய மருந்தைத் தொடர்ந்து கொடுத்த திட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. அந்தக் கிருமி பிறந்த பிறகு அதற்கு மாத்திரையைத் தவறவிடும் ஆள் தேவையில்லை. இருமும் ஆளும், காற்றோட்டம் இல்லாத அறையும் இருந்தால் போதும்.

எதிர்ப்புக் கிருமி பலவீனமானது, அவ்வளவாகப் பரவாது என்று முன்பு ஒரு நம்பிக்கை இருந்தது. ஐசோனியாசிட் எதிர்ப்புள்ள சில கிருமிகள் விலங்குச் சோதனைகளில் நோஞ்சானாக இருந்ததால் வந்த நம்பிக்கை அது. ஆனால் நோயாளிகளிடம் அதிகம் காணப்படும் மரபணு மாற்றங்கள், கிருமிக்கு அதிகச் செலவு வைக்காதவை. செலவு வைத்தாலும், வேறொரு மாற்றம் சேர்ந்து அதை ஈடுகட்டிவிடுகிறது. பெரு நாட்டின் லிமாவில் நோயாளிகளின் குடும்பங்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2019-ல் வெளியானது. பன்மருந்து எதிர்ப்பு உள்ளவரோடு வாழ்ந்தவர்களுக்கும், சாதாரண டிபி உள்ளவரோடு வாழ்ந்தவர்களுக்கும் தொற்று ஏறக்குறைய ஒரே அளவில்தான் ஏற்பட்டிருந்தது. தொற்று நோயாக மாறியதிலும் இரண்டு கூட்டங்களுக்கும் இடையே தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.  எதிர்ப்பு உள்ளவர் சரியான சிகிச்சை கிடைக்காமல் அதிக மாதங்கள் இருமிக்கொண்டிருந்தால் பரவுவது இன்னும் கூடும்.

சராசரி மறைப்பது

3.2 என்ற எண் உண்மையில் எந்த ஊருக்கும் பொருந்தாது. 1994-ல் உலக சுகாதார நிறுவனமும் காசநோய்க்கான பன்னாட்டுச் சங்கமும் சேர்ந்து எதிர்ப்பைக் கண்காணிக்கத் தொடங்கின. 35 நாடுகளின் முதல் தொகுப்பிலேயே புதிய நோயாளிகளின் எம்.டி.ஆர் விகிதம் பூஜ்ஜியத்திலிருந்து 14.4 சதவீதம் வரை சிதறிக் கிடந்தது. நடு மதிப்பு 1.4. உச்சத்தில் இருந்த நாடு லாட்வியா. சோவியத் ஒன்றியம் உடைந்த பின் மருந்து வரத்து தடுமாறியதும், சிறைகள் நிரம்பி வழிந்ததும், சிகிச்சை முறைகள் குழம்பியதும் அந்த வட்டாரம் முழுவதையும் இதே திசையில் தள்ளின.

அதன் கடைசிக் கட்டத்தை பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கில் பார்க்கலாம். 2009-10-ல் அங்கே நடந்த கணக்கெடுப்பில் புதிய நோயாளிகளில் 35.3 சதவீதம் பேருக்குப் பன்மருந்து எதிர்ப்பு இருந்தது. பழைய நோயாளிகளில் 76.5. முதல்முறையாக டிபி என்று தெரியவரும் மூன்று பேரில் ஒருவருக்கு, வழக்கமான ஆறு மாதச் சிகிச்சையின் இரண்டு முக்கிய மருந்துகளும் தொடக்கத்திலிருந்தே வீண். இந்த அளவுக்கு வந்த பிறகு தனிமனித ஒழுங்கைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. ரஷ்யாவின் தோம்ஸ்க் நகர ஆய்வு இன்னும் சங்கடமான ஒன்றைச் சொன்னது. வீட்டிலிருந்தபடி சிகிச்சை எடுத்தவர்களைவிட மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை எடுத்தவர்களுக்குத்தான் பின்னர் எம்.டி.ஆர் வரும் ஆபத்து பல மடங்கு அதிகம். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கும் அப்படித்தான். குணமாக்கப் படுக்க வைத்த வார்டிலேயே பக்கத்துக் கட்டிலிலிருந்து புதுக் கிருமி வந்திருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் க்வாஸுலு-நட்டாலில் உள்ள துகேலா ஃபெரி என்ற சிற்றூர் 2006-ல் உலகச் செய்தியானது. அங்கே தீவிர மருந்து எதிர்ப்புக் காசநோய், அதாவது எம்.டி.ஆரோடு அடுத்த கட்ட மருந்துகளுக்கும் அடங்காத டிபி, கண்டறியப்பட்ட 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். சளி மாதிரி எடுத்த நாளிலிருந்து பாதிப் பேர் 16 நாட்களுக்குள் இறந்துவிட்டார்கள். பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே பலர் போய்விட்டார்கள் என்று அர்த்தம். எச்.ஐ.வி பரிசோதனை செய்யப்பட்ட அனைவருக்கும் எச்.ஐ.வி இருந்தது. பழைய சிகிச்சை பற்றிய தகவல் கிடைத்த 47 பேரில் 26 பேர் அதற்கு முன் டிபி மருந்தே எடுக்காதவர்கள். மரபணு வகையைப் பார்த்தால் பெரும்பாலோரிடம் ஒரே குடும்பத்துக் கிருமி. பாதிக்கு மேற்பட்டவர்கள் வாழ்நாளில் முதல்முறை டிபி வந்தபோதே, அந்தக் காலத்து முக்கிய மருந்துகளுக்கு அடங்காத வகையைப் பெற்றிருந்தார்கள்.

தென்னாப்பிரிக்காவின் 2012-14 தேசியக் கணக்கெடுப்பில் புதிய நோயாளிகளில் எம்.டி.ஆர் 2.1 சதவீதம்தான், பழையவர்களில் 4.6. உலகச் சராசரியோடு வைத்துப் பார்த்தால் குறைவு. ஆனால் மொத்த டிபி அங்கே அவ்வளவு அதிகம் என்பதால் அந்தச் சிறு சதவீதமே பெரிய எண்ணிக்கையாகிவிடுகிறது. இன்னொன்றையும் கவனிக்கலாம்: புதியவர், பழையவர் இடையிலான இடைவெளி அங்கே இரண்டு மடங்கு சொச்சம்தான். இடைவெளி சுருங்கச் சுருங்க, எதிர்ப்பு சிகிச்சையில் உருவாவதைவிடத் தொற்றிப் பரவுவதுதான் அதிகம் என்று ஊகிக்க இடமிருக்கிறது.

சீனா 2007-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் புதியவர்களில் 5.7, பழையவர்களில் 25.6. ஆட்களாக எண்ணியபோது எம்.டி.ஆர் நோயாளிகளில் பெரும்பாலோர் எதிர்ப்புக் கிருமி தொற்றியே நோயாளியானவர்கள் என்ற முடிவுக்குத்தான் ஆய்வாளர்கள் வந்தார்கள். இந்தியாவின் முதல் தேசியக் கணக்கெடுப்பு 2014-16-ல் நடந்தது. புதியவர்களில் எம்.டி.ஆர் 2.84, பழையவர்களில் 11.60. சதவீதத்தில் நடுத்தரம். எண்ணிக்கையிலோ உலக மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் இந்தியாவிடம் இருக்கிறது, 2023 மதிப்பீட்டின்படி 27 சதவீதம். ரஷ்யா, இந்தோனேசியா, சீனா, பிலிப்பைன்ஸ் ஆகியவை ஒவ்வொன்றும் ஏழு சதவீதம் சொச்சம். இந்த ஐந்து நாடுகளைச் சேர்த்தாலே உலக மொத்தத்தில் பாதி தாண்டிவிடுகிறது.

எண்ணும் கருவியும் எண்ணை மாற்றும்

பல நாடுகளில் எல்லா நோயாளிகளுக்கும் எதிர்ப்புப் பரிசோதனை நடப்பதில்லை. 2023-ல், கிருமி உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் டிபி நோயாளிகளில் 79 சதவீதம் பேருக்கு உலக அளவில் ரிஃபாம்பிசின் பரிசோதனை நடந்தது. பத்தாண்டுகளுக்கு முன்பு இது கனவு. பரிசோதனை பரவலாகாத இடங்களில், சில நூறு அல்லது சில ஆயிரம் நோயாளிகளை மாதிரியாக எடுத்துக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பெரும்பாலும் சளியில் கிருமி தெரியும் பெரியவர்கள்தான் அதில் வருவார்கள். குழந்தைகளும், நுரையீரலுக்கு வெளியே நோய் உள்ளவர்களும் விடுபட்டுப்போவார்கள். குழந்தைகளிடம் காணப்படும் எதிர்ப்பு ஏறக்குறைய எல்லாமே தொற்றி வந்ததுதான். ஆகவே இது சிறிய விடுபடல் அல்ல.

கணக்கெடுப்பில் இருந்த ஓர் ஓட்டை எஸ்வத்தினியில் வெளிப்பட்டது. அப்போது அதன் பெயர் ஸ்வாசிலாந்து. 2009 கணக்கெடுப்பில் புதியவர்களில் 7.7 சதவீதம் எம்.டி.ஆர். பின்னர் அந்தக் கிருமிகளை மரபணு வரிசைப்படுத்திப் பார்த்தபோது, எம்.டி.ஆர் கிருமிகளில் 30 சதவீதம் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தை வைத்திருந்தன. சளியில் உள்ள கிருமியின் மரபணுவைப் பார்த்து எதிர்ப்பைக் கண்டுபிடிக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவி, ஆர்.பி.ஓ.பி என்ற மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டை மட்டும்தான் படிக்கும். ரிஃபாம்பிசின் எதிர்ப்பு மாற்றங்களில் ஏறத்தாழ 95 சதவீதம் அந்தத் துண்டுக்குள்தான் விழும். எஸ்வத்தினியின் மாற்றமோ துண்டுக்கு வெளியே இருந்தது. கருவி அந்த நோயாளிகளைப் பார்த்து "எதிர்ப்பு இல்லை" என்று சொல்லும், அவர்களுக்கு வேலை செய்யாத மருந்து கொடுக்கப்படும், அந்தக் கிருமிக்குப் போட்டி குறையும்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு, அதுவும் குறிப்பாகப் புதிய நோயாளிகளிடம். பரிசோதனையின் துல்லியம் 98 சதவீதம் என்று வையுங்கள்: எதிர்ப்பு இல்லாத நூறு பேரில் இரண்டு பேரைத் தவறாக "எதிர்ப்பு" என்று சொல்லும். ஆயிரம் புதிய நோயாளிகள், அதில் உண்மையில் 30 பேருக்கு எதிர்ப்பு. கருவி அவர்களில் 29 பேரைப் பிடிக்கும். மீதி 970 பேரில் 2 சதவீதம், அதாவது 19 பேரைத் தவறாகப் பிடிக்கும். மொத்தம் 48 பேர், அதில் ஐந்தில் இரண்டு பங்கு பொய். இதே கருவியை மின்ஸ்கில் வைத்தால், 350 பேருக்கு எதிர்ப்பு உள்ள ஆயிரம் பேரில் பொய் முடிவு வெறும் 13. கருவி அதேதான், அது வைக்கப்பட்ட இடம்தான் வேறு. அதனால்தான், எதிர்ப்பு அரிதாக உள்ள இடங்களில், ஆபத்து எதுவும் இல்லாத புதிய நோயாளிக்கு எதிர்ப்பு என்று வந்தால் இன்னொரு சளி மாதிரி வாங்கித் திரும்பப் பார்க்கச் சொல்கிறார்கள். நோயாளிக்கு அது அலைச்சல்தான். தேவையில்லாமல் கடுமையான மருந்துகளைத் தொடங்குவதைவிட அந்த அலைச்சல் மேல்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மரபணுக் கருவி "எதிர்ப்பு" என்று சொல்லி, கிருமியை மருந்தோடு வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை "இல்லை" என்று சொன்னால், முன்பெல்லாம் கல்ச்சரையே நம்பினார்கள். பிறகுதான் சில மாற்றங்கள் கல்ச்சரில் நழுவிவிடுகின்றன, ஆனால் நோயாளியிடம் மருந்தைத் தோற்கடிக்கின்றன என்பது தெரியவந்தது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் ரிஃபாம்பிசின் கல்ச்சர் பரிசோதனையில், இவ்வளவு மருந்திலும் கிருமி வளர்ந்தால் எதிர்ப்பு என்று கொள்ளும் எல்லை அளவை லிட்டருக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.5 ஆகக் குறைத்தது. அதுவரை அடங்கும் கிருமி என்று எண்ணப்பட்டவற்றில் சில அன்றிலிருந்து அடங்காதவை. பழைய கணக்கெடுப்புகளையும் புதியவற்றையும் ஒப்பிடும்போது இதையும் மனதில் வைக்க வேண்டும்.

கண்ணுக்குத் தப்பும் ஐசோனியாசிட்

எல்லாப் பேச்சும் ரிஃபாம்பிசினைச் சுற்றியே நடப்பதால் ஒரு பெரிய கூட்டம் கவனத்துக்கு வருவதில்லை. ரிஃபாம்பிசின் வேலை செய்யும், ஐசோனியாசிட் மட்டும் வேலை செய்யாது என்ற நிலை உலக அளவில் புதிய நோயாளிகளில் 7.4 சதவீதம் என்று 2020-ல் வெளியான பன்னாட்டுத் தொகுப்பு காட்டியது. எம்.டி.ஆரைப் போல இரண்டு மடங்கு. இந்தியக் கணக்கெடுப்பில் எம்.டி.ஆரையும் சேர்த்து ஐசோனியாசிட் எதிர்ப்பு புதியவர்களில் 11.06 சதவீதம். ஏதாவது ஒரு மருந்துக்காவது எதிர்ப்பு உள்ளவர்கள் 22.54, அதாவது நான்கைந்து புதிய நோயாளிகளில் ஒருவர்.

முதல் தலைமுறை ஜீன்எக்ஸ்பர்ட் ஐசோனியாசிடைப் பார்க்காது. "ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை" என்ற முடிவை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வழக்கமான சிகிச்சையைத் தொடங்குவார்கள். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் இருப்பதால் பெரும்பாலும் சமாளித்துவிடும். அப்புறம் வரும் மாதங்களில் பல நாடுகள் ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் இரண்டை மட்டும் கொடுக்கின்றன. ஐசோனியாசிட் வேலை செய்யாதவருக்கு அது ரிஃபாம்பிசினைத் தனியாகக் கொடுப்பதற்குச் சமம். எம்.டி.ஆர் உருவாகும் வாசல்களில் இது ஒன்று. 2018-ல் வந்த வழிகாட்டுதல் இத்தகையவர்களுக்கு ரிஃபாம்பிசின், எத்தாம்புட்டால், பைரசினமைடு, லீவோஃப்ளாக்சசின் நான்கையும் ஆறு மாதம் கொடுக்கச் சொல்கிறது. அதற்கு முதலில் ஐசோனியாசிட் எதிர்ப்பு தெரியவர வேண்டும்.

கூடுகிறதா, குறைகிறதா?

புதிய நோயாளிகளின் விகிதம் 2015-ல் ஏறத்தாழ 4 சதவீதமாக மதிப்பிடப்பட்டது, 2023-ல் 3.2. இறங்குமுகம்தான். ஆனால் 3.2-ஐச் சுற்றியுள்ள நிச்சயமின்மை சுமார் 2.5 முதல் 3.8 வரை. பரிசோதனை கூடியதால் தரவு மேம்பட்டதும் இந்த இறக்கத்தில் கலந்திருக்கிறது. கொண்டாடுவதற்கு இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.

சதவீதம் ஏறினாலே நிலைமை மோசம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓர் ஊரில் ஆயிரம் புதிய நோயாளிகள், அதில் 30 பேருக்கு எதிர்ப்பு. நல்ல சிகிச்சையால் சாதாரண டிபி வேகமாகக் குறைந்து, சில ஆண்டுகளில் மொத்தம் 400 ஆகவும் எதிர்ப்புள்ளவர்கள் 24 ஆகவும் ஆனால், இரண்டுமே குறைந்திருக்கின்றன. சதவீதம் மட்டும் 3-லிருந்து 6 ஆகியிருக்கும். செய்தித் தலைப்பு "இரட்டிப்பு" என்று வரும். கிழக்கு ஐரோப்பிய நாடுகளின் எண்களைப் படிக்கும்போது இது பலமுறை குழப்பியிருக்கிறது. சதவீதத்தோடு தலைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கேட்பதே சரி.

நியூயார்க்கின் கதை இன்னொரு கோணம். 1982-84-ல் அங்கே முன்பு சிகிச்சை எடுக்காத நோயாளிகளில் ஏதாவதொரு மருந்துக்கு எதிர்ப்பு உள்ளவர்கள் 10 சதவீதம். 1991-ல் 23. எச்.ஐ.வி, வீடின்மை, சிறை, மருத்துவமனைக் காற்று, டிபி திட்டங்களுக்கு வெட்டப்பட்ட நிதி எல்லாம் சேர்ந்து செய்த வேலை. நகரம் பிறகு பணத்தைக் கொட்டியது. நோயாளி மருந்து விழுங்குவதை நேரில் பார்க்கும் முறையை விரிவாக்கியது, மருத்துவமனை அறைகளின் காற்றோட்டத்தைத் திருத்தியது, எதிர்ப்பை விரைவாகக் கண்டறிந்தது. சில ஆண்டுகளிலேயே எம்.டி.ஆர் எண்ணிக்கை வெகுவாக விழுந்தது. எதிர்ப்பு ஒரு முறை பரவிவிட்டால் திரும்பாது என்ற பேச்சுக்கு அது பதில். பணக்கார நகரம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நோயாளிக்கு இது என்ன?

2023-ல் உலகில் சுமார் 4 லட்சம் பேருக்கு ரிஃபாம்பிசின் எதிர்ப்புக் காசநோய் வந்திருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. அதற்கான சிகிச்சையைத் தொடங்கியவர்கள் சுமார் 1,76,000 பேர். பாதிக்கும் குறைவு. மீதிப் பேரில் ஒரு பகுதிக்கு டிபி இருப்பதே கண்டுபிடிக்கப்படவில்லை. இன்னொரு பகுதிக்கு டிபி தெரிந்தது, எதிர்ப்பு தெரியவில்லை. இவர்களுக்கு வழக்கமான நான்கு மருந்துகள் கொடுக்கப்பட்டிருக்கும். இரண்டு வேலை செய்யாத நிலையில் எத்தாம்புட்டாலும் பைரசினமைடும் தனியாகப் போராடி, கடைசியில் அவற்றுக்கும் எதிர்ப்பு சேர்ந்துவிடும். இருமல் கொஞ்சம் குறைந்து, மறுபடி கூடும். "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா?" என்று இவர்களிடம்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

கண்டுபிடித்துவிட்டால் நிலைமை முன்புபோல் இல்லை. ஒன்றரை வருடத்துக்கும் மேல் நீண்ட சிகிச்சை, மாதக்கணக்கில் தினமும் ஊசி, அதனால் காது கேட்காமல் போவது என்றிருந்த இடத்தில், 2022-லிருந்து பெடாகுவிலின், ப்ரீடோமனிட், லினிசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற நான்கு மாத்திரைகளின் ஆறு மாதச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 2021-ல் சிகிச்சை தொடங்கியவர்களில் வெற்றி பெற்றவர்கள் 68 சதவீதம். சாதாரண டிபியில் இது 88. வீட்டில் எம்.டி.ஆர் நோயாளி இருந்தால், நோய் வராத மற்றவர்களுக்கு ஆறு மாதம் லீவோஃப்ளாக்சசின் கொடுக்கலாம் என்று 2024-ல் பரிந்துரை வந்தது. தென்னாப்பிரிக்காவிலும் வியட்நாமிலும் நடந்த இரண்டு சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது அது நோய் வரும் ஆபத்தை ஏறக்குறைய 60 சதவீதம் குறைத்திருந்தது.

புதிய சிகிச்சையின் முதுகெலும்பு பெடாகுவிலின். அதற்கும் எதிர்ப்புக் கிருமிகள் பல நாடுகளில் தென்படத் தொடங்கிவிட்டன, சில அந்த மருந்தையே எடுக்காதவர்களிடம். அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையோ பெரிய ஆய்வுக்கூடங்களைத் தாண்டி இன்னும் பரவவில்லை. ரிஃபாம்பிசினுக்கு எடுத்த கணக்கையே இனி பெடாகுவிலினுக்கும் எடுக்க வேண்டியிருக்கிறது: முதல்முறை சிகிச்சைக்கு வருபவர்களில் எத்தனை பேருக்கு அது ஏற்கெனவே வேலை செய்யாது?